‘ஆறே மாசத்துல ஆஸ்பத்திரி வேலை’: மருத்துவ உதவியாளர் சான்றிதழ், போட்ட காசைத் திருப்பித் தருமா?

கடலூர் அருகே உள்ள செம்மங்குப்பத்தின் பெயரைத் தமிழ்நாடு முழுவதும் கேட்டது 2025 ஜூலை 8-ம் தேதி. ரயில்வே கேட்டைக் கடந்த பள்ளி வேன் மீது ரயில் மோதி மாணவர்கள் 3 பேர் உயிரிழந்த ஊர் அது. அதற்கு முன்பும் பின்பும் அந்த ஊருக்கு ஒரு அன்றாடம் இருக்கிறது. கடலூர் – சிதம்பரம் சாலையில், சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய கிராமம். வீட்டில் ஒருவராவது கம்பெனிக்கு ஒப்பந்த வேலைக்குப் போவார். பிளஸ் 2 முடித்த பிள்ளைக்கு அடுத்தது என்ன என்ற கேள்வி ஒவ்வொரு மே மாதமும் வரும்.

கூடவே நோட்டீஸும் வரும். டீக்கடைச் சுவர், பஸ் ஸ்டாண்ட் தூண், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் என எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வாசகம்: ஆறு மாதம் அல்லது ஒரு வருடம் படித்தால் போதும், மருத்துவ உதவியாளர் ஆகலாம், வேலைக்கு உத்தரவாதம். மகளைக் கம்பெனிக்கு அனுப்ப மனமில்லாத, நர்சிங் காலேஜுக்குக் கட்டப் பணமும் இல்லாத ஒரு வீட்டில் அந்த நோட்டீஸ் எப்படிப் படிக்கப்படும் என்று சொல்லத் தேவையில்லை.

இந்தப் படிப்புக்கு உண்மையில் எவ்வளவு செலவாகும், எவ்வளவு சம்பளம் வந்தால் அந்தச் செலவு தேறும், எந்தச் சான்றிதழ் எங்கே செல்லும்? விரிவாகப் பார்ப்போம்.

‘மருத்துவ உதவியாளர்’னா யாரு?

முதல் சிக்கலே பெயரில்தான். முன்பெல்லாம் ஊர் டாக்டர் கிளினிக்கில் கம்பவுண்டர் ஒருவர் இருப்பார். சீட்டு எழுதுவது, மருந்து கட்டிக் கொடுப்பது, காயத்துக்குக் கட்டுப் போடுவது எல்லாம் அவரே. இன்று அந்த வேலை பல துண்டுகளாக உடைந்துவிட்டது. ஆனால் நோட்டீஸில் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்.

தமிழ்நாட்டில் ‘மருத்துவ உதவியாளர்’ என்று செய்திகளில் அதிகம் குறிப்பிடப்படுபவர், 108 ஆம்புலன்ஸில் நோயாளியுடன் வருபவர். தனியார் மருத்துவமனையில் அதே சொல்லுக்கு நர்சிங் அசிஸ்டென்ட் என்று அர்த்தம். படுக்கை மாற்றுவது, நோயாளியைக் குளிப்பாட்டுவது, பி.பி., டெம்பரேச்சர் பார்த்து எழுதுவது அவர் வேலை. மத்திய அரசின் திறன் பயிற்சித் திட்டங்களில் இதே வேலைக்கு ‘ஜெனரல் டூட்டி அசிஸ்டென்ட்’, சுருக்கமாக ஜி.டி.ஏ. என்று பெயர். லேப், டயாலிசிஸ், ஆபரேஷன் தியேட்டர் டெக்னீஷியன்களையும் சிலர் இதே கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். வீட்டில் படுத்த படுக்கையாக இருக்கும் முதியவரைப் பார்த்துக்கொள்ளும் ‘ஹோம் நர்சிங்’ ஆட்களுக்கும் இந்தப் பெயர் உண்டு.

இந்த வேலைகள் ஒவ்வொன்றுக்கும் தகுதியும் சம்பளமும் வேறு வேறு. எனவே இன்ஸ்டிடியூட்டில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஃபீஸ் எவ்வளவு என்பதல்ல. இதைப் படித்தால் எந்த வேலை, அந்த வேலைக்கு ஆஸ்பத்திரியில் என்ன பெயர் என்பதுதான்.

கூகுளில் தேடுபவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. ‘மெடிக்கல் அசிஸ்டென்ட் சம்பளம்’ என்று ஆங்கிலத்தில் போட்டால் வந்து நிற்பது பெரும்பாலும் அமெரிக்கக் கணக்கு. அங்கே அது தனித் தொழில். டாக்டரின் கிளினிக்கில் நோயாளியின் விவரம் எழுதுவதிலிருந்து ரத்தம் எடுப்பது வரை செய்பவர். அந்நாட்டுத் தொழிலாளர் புள்ளியியல் துறை 2023 மே மாதத்துக்குக் கணக்கிட்ட நடுநிலைச் சம்பளம் ஆண்டுக்கு சுமார் 42,000 டாலர். அதை ரூபாய்க்கு மாற்றிப் பார்த்துவிட்டு கடலூரில் அட்மிஷன் போடக் கூடாது. பெயர் ஒன்றாக இருக்கிறது, அவ்வளவுதான்.

சட்டம் கோடு போட்ட இடம்

2021-ல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. ‘தேசிய இணை மற்றும் சுகாதாரத் தொழில் வல்லுநர்கள் ஆணையச் சட்டம்’ என்பது அதன் நீளமான பெயர். டாக்டர், நர்ஸ், பார்மசிஸ்ட் தவிர்த்து மருத்துவமனையில் வேலை செய்யும் லேப், எக்ஸ்ரே, டயாலிசிஸ், மயக்கவியல், தியேட்டர் டெக்னீஷியன் உள்ளிட்ட 50-க்கும் மேற்பட்ட பணிகளை ஒரே குடையின் கீழ் கொண்டுவருவது இதன் நோக்கம்.

சான்றிதழ் படிக்க நினைப்பவர்கள் கவனிக்க வேண்டிய வரி அதன் வரையறைப் பகுதியில் இருக்கிறது. ‘இணை சுகாதாரத் தொழில் வல்லுநர்’ என்று ஒருவரை அழைக்க வேண்டுமானால் அவர் டிப்ளமா அல்லது பட்டம் படித்திருக்க வேண்டும். அந்தப் படிப்பு குறைந்தது 2,000 மணி நேரம், 2 முதல் 4 ஆண்டுகளுக்குள் பரவியதாக இருக்க வேண்டும். ஆறு மாதமும் ஒரு வருடமும் அந்த அளவுக்குள் வராது.

நர்ஸ் வேலைக்கும் இப்படி ஒரு கோடு உண்டு. ஏ.என்.எம். 2 ஆண்டு, ஜி.என்.எம். 3 ஆண்டு, பி.எஸ்சி. நர்சிங் 4 ஆண்டு. இவற்றை அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் முடித்தவர்கள்தான் தமிழ்நாடு செவிலியர் கவுன்சிலில் பதிவு செய்ய முடியும். ஒரு வருட ‘நர்சிங்’ சான்றிதழ் கையில் இருந்தாலும் அவர் பதிவு பெற்ற நர்ஸ் அல்ல.

அப்போ சர்டிஃபிகேட் செல்லாதா? அப்படி இல்லை. உதவியாளராக வேலை செய்ய முடியும். தனியார் மருத்துவமனைகளும் கிளினிக்குகளும் எடுக்கத்தான் செய்கின்றன. ஆனால் அது உதவியாளர் வேலையாகவே இருக்கும். ஆள் பற்றாக்குறை உள்ள ராத்திரி ஷிஃப்டில் ‘நீயே ஊசி போடும்மா, ஐ.வி. போடும்மா’ என்று சொல்லப்படும் இடங்கள் உண்டு. ஏதாவது தவறு நடந்தால், பதிவு எண் இல்லாத அந்தப் பெண்ணுக்குச் சட்டத்தில் நிற்கத் தரை இருக்காது. 20 வயதில் யாரும் இதைச் சொல்லித் தருவதில்லை.

கணக்கு போடலாமா?

கீழே வருவது ஒரு உதாரணக் கணக்கு. தொகைகளை உங்கள் ஊர் நிலவரத்துக்கு மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். கணக்குப் போடும் முறைதான் முக்கியம்.

பிளஸ் 2 முடித்த ஒரு பெண், செம்மங்குப்பத்திலிருந்து கடலூருக்குப் போய் ஒரு வருட தனியார் சான்றிதழ் படிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஃபீஸ் 45,000 ரூபாய். தேர்வுக் கட்டணம், யூனிஃபார்ம், ரெக்கார்டு நோட்டு எல்லாம் சேர்த்து 7,000. பஸ், மதியச் சாப்பாடு என்று 8,000. மொத்தம் 60,000 ரூபாய்.

பெரும்பாலான வீடுகளில் கணக்கு இந்த இடத்தில் நின்றுவிடும். ஆனால் அதே பெண் படிக்கப் போகாமல் துணிக்கடைக்கோ கம்பெனி பேக்கிங் வேலைக்கோ போயிருந்தால் மாதம் 8,000 ரூபாய் வந்திருக்கும் என்றால், ஒரு வருடத்தில் வராமல் போனது 96,000. அதையும் சேர்த்தால் படிப்பின் உண்மையான விலை 1,56,000 ரூபாய்.

இப்போது வரவு. படித்து முடித்து 10,000 ரூபாய்க்கு ஆஸ்பத்திரி வேலை கிடைக்கிறது. பத்தாயிரமும் படிப்பால் வந்தது இல்லை. படிக்காமலே 8,000 வந்திருக்கும். படிப்பு கூட்டிக் கொடுத்தது மாதம் 2,000 மட்டுமே. 1,56,000-ஐ 2,000-ஆல் வகுத்தால் 78 மாதம், அதாவது ஆறரை வருடம். சம்பளம் 12,000 என்றால் 39 மாதத்தில் தேறும். 8,000-க்கே வேலை என்றால், போட்ட காசு திரும்பவே திரும்பாது.

ஒரு அளவுகோலுக்காக இதையும் சொல்லலாம். 100 நாள் வேலைத் திட்டத்தில் 2025-26-க்குத் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட தினக்கூலி 336 ரூபாய். மாதம் 26 நாள் அந்தக் கூலி கிடைப்பதாக வைத்தால் 8,736 ரூபாய். நிஜத்தில் அத்தனை நாள் கிடைக்காது. ஆனாலும் ஒரு வருடம் படித்து, யூனிஃபார்ம் போட்டு, நைட் டியூட்டி பார்க்கும் வேலை அதைவிட எவ்வளவு மேலே நிற்கிறது என்று கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை.

இதே கணக்குக்கு இன்னொரு பக்கமும் உண்டு. பல வீடுகளில் மகளைக் கம்பெனிக்கும் அனுப்ப மாட்டார்கள், கடைக்கும் அனுப்ப மாட்டார்கள். ‘ஆஸ்பத்திரி வேலைன்னா சரி’ என்பார்கள். அந்த வீட்டில் படிக்காவிட்டால் வருமானம் பூஜ்யம். அப்படியானால் விட்டுப்போன சம்பளம் என்று எதுவும் இல்லை. செலவு 60,000 மட்டுமே, வரவு 10,000 முழுவதும் புதிது. ஆறே மாதச் சம்பளத்தில் தேறிவிடும். ஒரே சான்றிதழ் பக்கத்துப் பக்கத்து வீட்டில் ஒரு பெண்ணுக்கு ஆறரை வருடக் கடனாகவும் இன்னொருத்திக்கு வீட்டை விட்டு வெளியே வரும் வழியாகவும் இருக்கலாம். ‘இந்தக் கோர்ஸ் நல்லதா?’ என்ற கேள்விக்கு எல்லோருக்கும் பொதுவான பதில் இல்லாததற்கு இதுதான் காரணம்.

கடன் வாங்கிக் கட்டினால் கணக்கு இன்னும் இறுகும். 50,000 ரூபாயை நூற்றுக்கு ரெண்டு வட்டிக்கு வாங்கினால் மாதம் 1,000 வட்டி. படிக்கும் 12 மாதம், வேலை தேடும் காலமும் டிரெய்னிங் காலமுமாக இன்னொரு 6 மாதம். முதலில் ஒரு ரூபாய்கூடக் குறையாமல் 18,000 வட்டியாகப் போயிருக்கும். வங்கிகளில் திறன் பயிற்சிக்கென்றே அடமானம் இல்லாத கடன் திட்டம் 2015 முதல் இருக்கிறது. முன்பு அதிகபட்சம் 1.5 லட்சமாக இருந்த தொகை 2024-ல் 7.5 லட்சமாக உயர்த்தப்பட்டது. எல்லாப் பயிற்சிகளுக்கும் அது பொருந்தாது. நீங்கள் சேரப்போகும் கோர்ஸுக்கு இந்தக் கடன் கிடைக்குமா என்று வங்கியில் ஒரு நடை கேட்டு வருவது நல்லது. ‘கிடைக்காது’ என்று மேனேஜர் சொன்னால், கோர்ஸைப் பற்றியே ஒரு தகவல் கிடைத்த மாதிரி.

அதிகம் கட்டினால் அதிக மதிப்பா?

இதற்கு வெளியூர் உதாரணம் வேண்டாம். சிதம்பரத்திலேயே இருக்கிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி மாணவர்கள் 2020 டிசம்பரில் தொடங்கி வாரக்கணக்கில் போராடினார்கள். மற்ற அரசு மருத்துவக் கல்லூரிகளில் எம்.பி.பி.எஸ். ஆண்டுக் கட்டணம் 13,610 ரூபாயாக இருந்தபோது, அங்கே சுமார் 5.44 லட்சம். 2021 தொடக்கத்தில் அரசு அந்தக் கல்லூரியைச் சுகாதாரத் துறையின் கீழ் கொண்டுவந்தது. இன்று அது கடலூர் மாவட்டத்துக்கான அரசு மருத்துவக் கல்லூரி. அதே கட்டடம், அதே வார்டு, அதே பேராசிரியர்கள். மாறியது கட்டணம்.

எம்.பி.பி.எஸ். வேறு, சான்றிதழ் படிப்பு வேறுதான். ஆனால் மருத்துவப் படிப்பில் கட்டணம் என்பது யார் நடத்துகிறார்கள் என்பதைப் பொறுத்தது, படிப்பின் தரத்தைப் பொறுத்தது அல்ல என்பதை இந்த மாவட்டத்துக்காரர்கள் கண் முன்னாலேயே பார்த்திருக்கிறார்கள். சான்றிதழ் படிப்பிலும் அதுதான் நிலைமை.

கையெழுத்துப் போடுவது யார்?

ஒரு வருடச் சான்றிதழ் எல்லாமே வீண் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தமிழ்நாட்டு அரசு மருத்துவக் கல்லூரிகளிலேயே மருத்துவக் கல்வி இயக்குநரகத்தின் கீழ் ஓராண்டு சான்றிதழ் படிப்புகள் நடக்கின்றன. இ.சி.ஜி., டயாலிசிஸ், அனஸ்தீசியா, தியேட்டர் டெக்னீஷியன், எமர்ஜென்சி கேர் போன்ற பிரிவுகள். எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவு, எத்தனை இடம் என்பது மாறும். கட்டணம் தனியாரோடு ஒப்பிடவே முடியாத அளவுக்குக் குறைவு. பயிற்சி நடப்பதும் நோயாளிகள் குவியும் அரசு மருத்துவமனையில். வாடகைக் கட்டடத்து மாடியில் பொம்மையை வைத்துப் படிப்பதற்கும் இதற்கும் வித்தியாசம் அதிகம்.

மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், அதாவது எம்.ஆர்.பி., அரசு மருத்துவமனைகளுக்கு ஆள் எடுக்கும் அமைப்பு. லேப் டெக்னீஷியன் கிரேடு 3 பணிக்கான அதன் கடந்த கால அறிவிப்புகளைப் படித்தால் ஒரு விஷயம் தெரியும். ஓராண்டு சான்றிதழே அங்கே தகுதியாகக் கேட்கப்பட்டிருக்கிறது. ஆனால் கூடவே ஒரு நிபந்தனை: மருத்துவக் கல்வி இயக்குநரகம் அங்கீகரித்த நிறுவனத்தில் படித்திருக்க வேண்டும். ஒரே ஒரு வருடம், ஒரே மாதிரிப் பாடம். கீழே யார் கையெழுத்து என்பதை வைத்து ஒருவரால் விண்ணப்பிக்க முடிகிறது, மற்றவரால் முடியவில்லை.

இதனால்தான் ‘கவர்ன்மென்ட் அங்கீகாரம் உண்டு’ என்ற பதிலோடு எழுந்து வரக் கூடாது. எந்த கவர்ன்மென்ட், எந்தத் துறை, எந்த ஆணை என்று கேட்க வேண்டும். சொசைட்டியாகவோ டிரஸ்ட்டாகவோ பதிவு செய்த சான்றைக் காட்டி ‘அரசுப் பதிவு பெற்றது’ என்பார்கள். அது அமைப்புக்கான பதிவு, படிப்புக்கான அங்கீகாரம் அல்ல. வெளிமாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றின் பெயரைச் சொன்னால், யு.ஜி.சி. வெளியிடும் போலிப் பல்கலைக்கழகப் பட்டியலை போனிலேயே ஒரு முறை பார்த்துவிடலாம்.

சுலபமான உரைகல் ஒன்று இருக்கிறது. 6 முதல் 12-ம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவிகள் மேலே படித்தால் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரிலும், மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டிலும் தொடங்கின. பட்டம், டிப்ளமா, ஐ.டி.ஐ. என்று அங்கீகாரம் பெற்ற படிப்புகளுக்குத்தான் அந்தப் பணம் வரும். இன்ஸ்டிடியூட்டில் நேரடியாகக் கேளுங்கள்: ‘இங்க படிச்சா புதுமைப் பெண் பணம் வருமா? போன வருஷம் யாருக்காவது வந்துச்சா?’ பதில் சொல்பவர் தடுமாறினால் காரணம் புரிந்துவிடும்.

ரெண்டு வருஷம் படிச்சா என்ன ஆகும்?

மேலே போட்ட கணக்கை இரண்டு வருட டி.எம்.எல்.டி. டிப்ளமாவுக்குப் போட்டுப் பார்க்கலாம். இதுவும் உதாரணம்தான். இரண்டு வருடச் செலவு 80,000. விட்டுப்போன சம்பளம் மாதம் 8,000 வீதம் 1,92,000. மொத்தம் 2,72,000 ரூபாய். பார்த்தவுடன் பயம் வரும். ஆனால் வேலை 15,000-க்குக் கிடைத்தால் கூடுதல் வரவு 7,000. சுமார் 39 மாதத்தில் தேறும். அதாவது 12,000 ரூபாய் வேலை கிடைத்த ஒரு வருடப் படிப்புக்கு ஆகும் அதே காலம். அதன் பிறகு வருவது மாதம் 3,000 அதிகம், வேலையில் இருக்கும் வரைக்கும்.

108 ஆம்புலன்ஸ் இன்னும் தெளிவான உதாரணம். 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய இந்தச் சேவைக்கு மாவட்டவாரியாக வேலைவாய்ப்பு முகாம்கள் நடக்கும். மருத்துவ உதவியாளர் பணிக்குக் கேட்கப்படும் தகுதிகள் பி.எஸ்சி. நர்சிங், ஜி.என்.எம்., ஏ.என்.எம்., பிளஸ் 2-வுக்குப் பிறகு 2 ஆண்டு டி.எம்.எல்.டி., அறிவியல் பட்டம் போன்றவை. 2025-ல் வந்த அறிவிப்புகளில் மாதச் சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டியிருந்தது. 12 மணி நேர ஷிஃப்ட், தமிழ்நாட்டில் எங்கே போட்டாலும் போக வேண்டும், லேசான வேலை இல்லை. ஆனால் 2,72,000 செலவு செய்தவருக்கு அந்தச் சம்பளத்தில் மாதம் 13,000 கூடுதல். 21 மாதத்தில் கணக்கு நேராகிவிடும். ஆறு மாதச் சான்றிதழோடு போனால், ‘மருத்துவ உதவியாளர்’ என்றே அதில் அச்சிட்டிருந்தாலும், முகாமில் சான்றிதழ் சரிபார்க்கும் மேஜையைத் தாண்ட முடியாது.

டிப்ளமா முடித்த எல்லோருக்கும் வேலை காத்திருக்கிறது என்று அர்த்தமில்லை. அங்கீகாரம் இல்லாத இரண்டு வருட டிப்ளமாவும் சந்தையில் இருக்கிறது. அதில் சேர்ந்தால் நஷ்டம் இரண்டு மடங்கு.

காசே கட்டாமல் படிக்க முடியுமா?

முடியும். ஜி.டி.ஏ. பயிற்சி, மத்திய அரசின் திறன் மேம்பாட்டுத் திட்டங்களில் இலவசமாகவே நடத்தப்படும் ஒன்று. கிராமப்புற ஏழை இளைஞர்களுக்கான தீன் தயாள் உபாத்யாயா திட்டத்தில் தங்கிப் படிக்கும் பயிற்சிக்கு உணவும் விடுதியும் இலவசம். இது தமிழ்நாட்டில் ஊரக வாழ்வாதார இயக்கம் வழியாக நடக்கிறது. ஊர் சுய உதவிக் குழுப் பெண்களிடம் கேட்டாலே பயிற்சி எப்போது, எங்கே என்று தெரிந்துவிடும். தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகத்தின் நான் முதல்வன் தளத்திலும் சுகாதாரத் துறைப் பயிற்சிகளைத் தேடலாம். பட்டியல் இனத்தவருக்குத் தாட்கோ வழியாகவும் பயிற்சிகள் உண்டு.

நான்கு மாதப் பயிற்சி என்று வைத்தால் ஃபீஸ் இல்லை, விட்டுப்போன சம்பளம் 32,000 மட்டும். அதே 10,000 ரூபாய் வேலை கிடைத்தாலும் 16 மாதத்தில் தேறும். காசு கொடுத்துப் படித்தவரும் இலவசமாகப் படித்தவரும் ஒரே வார்டில் ஒரே சம்பளத்துக்கு நிற்பது சகஜம். உதவியாளர் வேலைதான் இலக்கு என்றால் 45,000 கட்ட வலுவான காரணம் எதுவும் தெரியவில்லை.

சம்பளச் சீட்டில் ஒளிந்திருப்பவை

‘பத்தாயிரம் சம்பளம்’ என்று சொன்னால் கைக்கு எவ்வளவு? பி.எஃப். 12 சதவீதம், அதாவது 1,200. இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம், 75 ரூபாய். கையில் 8,725. இதில் பி.எஃப். நஷ்டம் இல்லை. நிர்வாகமும் தன் பங்கைப் போட்டு அது சேமிப்பாக நிற்கும். 75 ரூபாய் இ.எஸ்.ஐ.யும் குடும்பத்துக்கே மருத்துவப் பாதுகாப்பு. கவலைப்பட வேண்டியது இவை பிடிக்கப்படும் இடத்தைப் பற்றி அல்ல, பிடிக்கப்படாத இடத்தைப் பற்றி. 10 பேர் வேலை செய்தால் இ.எஸ்.ஐ., 20 பேர் என்றால் பி.எஃப். என்பது பொது விதி. தனியார் மருத்துவமனைகளுக்கும் நர்சிங் ஹோம்களுக்கும் தமிழ்நாட்டில் குறைந்தபட்ச ஊதியம் நிர்ணயிக்கப்பட்டிருக்கிறது. அது அவ்வப்போது மாறும். தொழிலாளர் துறை இணையதளத்தில் நடப்புத் தொகையைப் பார்த்துக்கொண்டு இன்டர்வியூவுக்குப் போகலாம்.

முதல் மூன்று மாதம் டிரெய்னிங், ஸ்டைபெண்ட் மட்டும் என்பார்கள். 8,000 கிடைக்கும் இடத்தில் 5,000 என்றால் அங்கேயும் 9,000 போனது. ஒரிஜினல் மார்க் ஷீட்டை வாங்கி வைத்துக்கொண்டு ‘ரெண்டு வருஷம் போகக் கூடாது’ என்பவர்களும் இருக்கிறார்கள். நகலைக் கொடுங்கள், ஒரிஜினலைக் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

பிறகு பஸ். கேட்கச் சின்ன விஷயம், வேலையைத் தீர்மானிப்பதே பல நேரம் அதுதான். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கடலூருக்கு நகரப் பேருந்தில் போய் வந்தால் செலவு பூஜ்யம். சிதம்பரத்துக்கு வெளியூர் பஸ்ஸில் போனால் டிக்கெட். கூடுதல் சம்பளத்துக்காக கடலூரைத் தாண்டி கிருமாம்பாக்கம், பிள்ளையார்குப்பம் பக்கம் உள்ள தனியார் மருத்துவக் கல்லூரிகளுக்கோ புதுச்சேரிக்கோ போகலாம். ஆனால் ராத்திரி 8 மணிக்கு ஷிஃப்ட் முடிந்தால் செம்மங்குப்பம் நிறுத்தத்தில் எத்தனை மணிக்கு இறங்க முடியும்? அங்கிருந்து வீட்டுக்கு யார் கூட்டிப் போவார்கள்? ஹாஸ்டலில் தங்கினால் 3,000, 4,000 போய்விடும். கூடுதல் சம்பளம் அதற்கே சரியாகிவிடும்.

பணம் கட்டும் முன்…

இன்ஸ்டிடியூட்காரர்கள் காட்டும் பிளேஸ்மென்ட் போட்டோக்களை விட, போன வருடம் படித்த இரண்டு பேரின் போன் நம்பர் பயனுள்ளது. அதைவிடப் பயனுள்ளது, நீங்களே கடலூரில் இரண்டு மூன்று நர்சிங் ஹோம்களுக்குப் போய் ‘இந்த இன்ஸ்டிடியூட் சர்டிஃபிகேட்டோட வந்தா எடுப்பீங்களா, ஆரம்பத்துல என்ன குடுப்பீங்க?’ என்று கேட்பது. ‘சர்டிஃபிகேட்டே வேணாம், பிளஸ் 2 போதும், நாங்களே சொல்லித் தர்றோம்’ என்று ஒரு இடத்தில் சொன்னாலும் 60,000 ரூபாய் மிச்சம். வேலை செய்து பார்த்து, ரத்தமும் வாந்தியும் பழகுகிறதா, ராத்திரி விழிப்பு உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா என்று ஒரு வருடத்தில் தெரிந்துவிடும். அதன் பிறகு இரண்டு வருட டிப்ளமாவுக்கோ ஏ.என்.எம்.-க்கோ போவது தெரிந்து எடுக்கும் முடிவாக இருக்கும்.

முழுக் கட்டணத்தையும் ஒரே தவணையில் கட்ட வேண்டாம். எந்தத் தொகைக்கும் நிறுவனத்தின் பெயர், கோர்ஸின் பெயர், சான்றிதழ் தரும் அமைப்பின் பெயர் மூன்றும் உள்ள ரசீது வாங்க வேண்டும். ‘100 சதவீதம் வேலை’ என்று நோட்டீஸில் இருந்தால் அந்த நோட்டீஸை எறியாமல் ரசீதோடு பின் அடித்து வைக்க வேண்டும்.

ஏற்கெனவே கட்டிவிட்டு, சொன்னது ஒன்று நடப்பது ஒன்று என்று தெரிந்தால், முதலில் எழுத்து மூலமாகப் பணத்தைத் திருப்பிக் கேட்க வேண்டும். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லலாம். தமிழிலும் பேசலாம். அடுத்த கட்டம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். அங்கே கேட்கும் முதல் ஆவணம் ரசீது, இரண்டாவது அந்த நோட்டீஸ்.

அரசு மருத்துவக் கல்லூரிகளின் ஓராண்டு சான்றிதழ் படிப்புகளுக்குப் பெரிய விளம்பரம் இருக்காது. பல இடங்களில் கல்லூரி முதல்வர் அலுவலகமே அறிவிப்பு வெளியிட்டு விண்ணப்பம் வாங்கும், சில நாட்களில் தேதியும் முடிந்துவிடும். சிதம்பரத்திலும் விழுப்புரம் முண்டியம்பாக்கத்திலும் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி அறிவிப்புப் பலகைகளையும் மாவட்ட இணையதளத்தையும் பிளஸ் 2 ரிசல்ட் வந்த நாளிலிருந்தே பார்த்து வர வேண்டும். தனியார் இன்ஸ்டிடியூட்டில் ‘இன்னைக்கே அட்வான்ஸ் போட்டா ஆஃபர்’ என்று சொல்வதும் பெரும்பாலும் அதே வாரங்களில்தான்.